திங்கட்கிழமையிலிருந்து பின்னோக்கி: சென்னையிலிருந்து வார இறுதிப் பயணங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய பயணம் நம்மில் பலருக்கு வருடத்துக்கு ஒன்று. சில வருடம் அதுவும் இல்லை. மணாலியோ மலேசியாவோ போய்வந்த படங்களை ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருப்போம், மிச்ச ஆறு மாதம் அடுத்ததற்குப் பணம் சேர்ப்போம். இடையில் ஐம்பது சனி ஞாயிறு வந்துபோகின்றன. பாதி துணி துவைப்பதற்கும் கல்யாணம் காதுகுத்துக்கும் போய்விடும். மிச்சத்தில் மாதம் ஒன்றை எடுத்து ஒரு ஊரைப் பார்த்துவிட்டு வரலாம்.

சென்னையில் வேலைக்குப் போகிறவர்களுக்காகவும், கார் இல்லாதவர்களுக்காகவும், கார் இருந்தும் வெள்ளி மாலை பெருங்களத்தூர் நெரிசலில் நிற்க மனமில்லாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அடிப்படை யோசனை ஒன்றுதான். பெரிய பயணம் முடிந்ததும் ஒரு நாள் லீவு போட்டுக் களைப்பை ஆற்றிக்கொள்ளலாம். வார இறுதிப் பயணத்தில் அந்த வசதி கிடையாது. ஞாயிறு இரவு வீடு, திங்கள் காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸ். அதனால் புறப்படும் நேரத்தில் திட்டத்தை ஆரம்பிக்காதீர்கள். திங்கள் காலையில் ஆரம்பித்துப் பின்னால் நகர்ந்து வாருங்கள்.

படி 1: வாரத்தைத் தேர்ந்தெடுப்பது

ஊரைப் பற்றிப் பேசும் முன் தினசரி காலண்டரை எடுங்கள். போனில் உள்ளதில்லை; சுவரில் தொங்குகிறதே, நல்ல நேரமும் ராகு காலமும் போட்டது. அதில் முதலில் பார்க்க வேண்டியது முகூர்த்த நாள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமாக அமைந்துவிட்டால் கும்பகோணம், காஞ்சிபுரம், மதுரை மாதிரி ஊர்களில் அறை கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் காலை நாலு மணிக்கு நாதஸ்வரம் எழுப்பிவிடும். பேருந்தில் சீர்த்தட்டுகளுக்கு நடுவில்தான் உட்கார வேண்டும். அடுத்தது பௌர்ணமி. கிரிவலம் போவதுதான் நோக்கம் என்றால் சரி. இல்லையென்றால் அன்று திருவண்ணாமலைப் பக்கமே போக வேண்டாம். செஞ்சி வழியாகப் போகும் பேருந்துகளும் நிரம்பியே வரும்.

மூன்று நாள் தொடர் விடுமுறையை நான் பயணத்துக்குப் பரிந்துரைப்பதில்லை. வெள்ளியோ திங்களோ அரசு விடுமுறை சேர்ந்துவிட்டால் ஊரே கிளம்பும். தனியார் பேருந்துக் கட்டணம் எங்கேயோ போய் நிற்கும், மலையில் வண்டி நகராது. அந்த மூன்று நாளும் சென்னை காலியாக இருக்கும். அதை அனுபவிப்பதற்கு கடைசியில் ஒரு படி வைத்திருக்கிறேன். பயணத்துக்கு ஏற்றது எந்த விசேஷமும் இல்லாத சாதாரண சனி ஞாயிறு.

சனிக்கிழமையும் வேலை நாளாக இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். ஞாயிறு ஒரு நாளில் போய்வரும் இடங்கள் படி 3-இல் உள்ளன.

படி 2: திரும்பி வரும் டிக்கெட்டை முதலில் எடுங்கள்

எல்லோரும் போகிற டிக்கெட்டை எடுத்துவிட்டுத் திரும்புவதை "பார்த்துக்கலாம்" என்று விடுவார்கள். ஞாயிறு இரவு சென்னைக்கு வரும் ரயில்கள் எப்படி நிரம்புகின்றன என்பது தென் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திரும்புவது உறுதியானால்தான் இது பயணம். இல்லையென்றால் இரண்டு நாளும் வெயிட்டிங் லிஸ்ட் எண்ணைப் பார்த்துக்கொண்டே கழியும்.

ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். நமக்கு இது நல்லது. நாலு மாதம் கழித்து என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு மாதம் என்றால் ஓரளவு கணக்குப் போடலாம். காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். போனில் நினைவூட்டல் வைத்து, திரும்பும் ரயிலை முதலில், போகும் ரயிலை இரண்டாவதாக எடுங்கள்.

முடிந்தால் ஞாயிறு இரவு ரயிலை விட்டுவிட்டு ஞாயிறு பகல் ரயிலில் வாருங்கள். இரவு ரயிலில் வந்தால் திங்கள் விடிகாலை எழும்பூரிலோ தாம்பரத்திலோ இறங்கி, வீட்டுக்கு ஓடி, குளித்துவிட்டு அலுவலகம் போக வேண்டும். இருபத்தைந்து வயதில் அது சாகசம். நாற்பதில் புதன்கிழமை வரை தலைவலி. பகல் ரயிலில் வந்தால் அரை நாள் சுற்றல் குறையும், ஆனால் இரவு ஒன்பதுக்குள் வீட்டில் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். மதுரைக்கு வைகை, காரைக்குடிக்குப் பல்லவன், கும்பகோணம் வழித் திருச்சிக்குச் சோழன், பெங்களூருக்கு பிருந்தாவன் என்று பகலில் ஓடும் ரயில்கள் நமக்கு நிறைய இருக்கின்றன. இவற்றில் உட்கார்ந்து வரும் இரண்டாம் வகுப்புக் கட்டணம் மலிவு. ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் அதுவே பாதி பயணம்.

சில நடைமுறை விஷயங்கள். புறநகரில் இருப்பவர்கள் எழும்பூர் வரை போக வேண்டாம். ஏறும் நிலையமாகத் தாம்பரத்தையோ செங்கல்பட்டையோ போட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலான தென்பக்க ரயில்கள் அங்கே நிற்கும். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்து ஏற முடியாது. ஆர்.ஏ.சி. என்றால் தைரியமாகப் போகலாம். மோசமான நிலையிலும் பக்கவாட்டு கீழ் இருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து வருவீர்கள். தட்கல் பயணத்துக்கு முந்தின நாள் திறக்கும்: ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், அதைக் கடைசி நிமிடத்துக்கு வைக்காமல் இப்போதே முடித்துவிடுங்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது.

அம்மா அப்பாவைக் கூட்டிப்போனால் அவர்களுக்கு மட்டும் தனி டிக்கெட்டாக, கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டில் எடுத்துப் பாருங்கள். ஆண்களுக்கு 60 வயதும் பெண்களுக்கு 45 வயதும் ஆகியிருந்தால் அந்த ஒதுக்கீடு உண்டு. அம்மாவுக்கு மட்டுமில்லை, நாற்பத்தைந்தைத் தாண்டிய அக்காவுக்கும் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது.

பேருந்து என்றால் தென் மாவட்டங்களுக்கு இப்போது கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் அது திறந்ததிலிருந்து வடசென்னைக்காரர்களின் கணக்கு மாறிவிட்டது. வியாசர்பாடியிலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ கிளாம்பாக்கம் போய்ச் சேருவதையே பயணத்தின் முதல் கட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள். இணையத்தில் "திண்டிவனம் இரண்டரை மணி நேரம்" என்று போட்டிருந்தால் அது உங்கள் வாசற்படியிலிருந்து கணக்கிட்டதில்லை.

படி 3: ஊரைத் தேர்ந்தெடுப்பது

என் அளவுகோல் எளிது. ஒரு நாள் பயணம் என்றால் வீட்டு வாசலிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள். ஒன்றரை நாள் என்றால் போக ஒரு இரவு, வரப் பகல் ஆறேழு மணி நேரம். அதற்கு மேல் போகும் ஊர்களை லீவு போடும் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி மலை ரயிலும் அந்தப் பட்டியலில்தான். நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போய் அங்கிருந்து காலை மலை ரயில் பிடித்தால் மேலே போய்ச் சேரவே சனிக்கிழமை மதியம் ஆகிவிடும்; உடனே இறங்குவதற்கு ஏன் ஏற வேண்டும்?

ஊட்டி, கொடைக்கானல் சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இன்னொன்று. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லை இல்லை.

மலைதான் வேண்டும் என்றால் ஏலகிரி. உயரம் சுமார் 1,100 மீட்டர்தான், குளிரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் சென்ட்ரலிலிருந்து கோவை, பெங்களூரு பக்கம் போகும் பல ரயில்கள் ஜோலார்பேட்டையில் நிற்கும். மூன்று, மூன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவு. வண்டியில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளை முன் இருக்கையில் உட்கார வைத்து, இறங்கும் வரை இட்லியோடு நிறுத்துங்கள். பூரி கிழங்கைக் கீழே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் பயணத்தில் என் முதல் தேர்வு செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் மராட்டியரின் இராணுவத் தலங்கள் என்று பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. சிவாஜி 1677-இல் பிடித்த கோட்டை. தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான இடம். கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பேருந்தில் ஏறி செஞ்சியில் இறங்குங்கள். ராஜகிரி உச்சிக்கு ஏறுவதானால் காலை ஒன்பதுக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும். பிற்பகலில் மேலே ஏற விடுவதில்லை, வெயிலும் விடாது. ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். குரங்குகள் இருக்கும் இடம். கையில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு ஏறினால் அது உங்கள் பையாக மேலே வராது. போக நல்ல மாதங்கள் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஏப்ரலில் போகிறவர்களை நான் தடுக்கப்போவதில்லை, ஆனால் கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புங்கள்.

மற்றவை சுருக்கமாக. வேடந்தாங்கல்: நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, ஏரியில் தண்ணீர் இருந்தால் மட்டும். காஞ்சிபுரம்: பட்டுக்கடைக்கு முன் கைலாசநாதர் கோயில், காலையிலேயே. பழவேற்காடு: டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம், மண்டை ஓடு செதுக்கிய வாசல். தரங்கம்பாடி: மயிலாடுதுறையில் இறங்கிப் பேருந்து; 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அதன் எதிரில் கடல். குற்றாலம்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன், ஆனால் இரண்டு இரவு ரயிலிலேயே போவதால் திங்கள் லீவு இருந்தால் மட்டும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதி வரை டெல்டாப் பக்கம், கடலோரம் போவதானால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 4: ஒரு வார இறுதியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

கும்பகோணத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து ரயிலில் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வெள்ளி இரவு உழவன் எக்ஸ்பிரஸ், அதிகாலையில் கும்பகோணம். ஞாயிறு மதியம் அங்கேயே சோழன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மாலை மங்கும் நேரத்தில் தாம்பரம். ரயில் நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பதிவு செய்யும்போது ஒரு முறை, கிளம்பும் முதல் நாள் ஒரு முறை பாருங்கள்.

இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு கணக்கு மறக்கக் கூடாது. கோயில்கள் பகல் பன்னிரண்டுக்கு நடை சாத்தினால் மாலை நாலுக்குத்தான் திறக்கும். இதைத் தெரியாமல் போகிறவர்கள் காலையில் மெதுவாகக் கிளம்பி, பதினொன்றரைக்கு முதல் கோயிலைப் பார்த்து, பிறகு நாலு மணி நேரம் வெயிலில் தவிப்பார்கள். ஒன்றரை நாள் பயணத்தில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு காலையும் ஒரு மாலையும்தான். காலைக்கு ஒரு கோயில், மாலைக்கு ஒரு கோயில்.

சனி காலை தாராசுரம். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர், ஆட்டோவிலோ தஞ்சாவூர்ப் பேருந்திலோ போகலாம். இரண்டாம் ராஜராஜன் காலத்து ஐராவதேசுவரர் கோயில், பன்னிரண்டாம் நூற்றாண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் பிரம்மாண்டத்தை இங்கே தேடாதீர்கள். இது குனிந்து பார்க்க வேண்டிய கோயில். சுற்றுச் சுவரின் அடிப்பகுதியில், முழங்கால் உயரத்தில், நாயன்மார்களின் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களாக ஓடுகின்றன. ஒரு சிற்பத்தில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும்: இடப்பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் ஒரு விலங்கு, வலப்பக்கத்தை மறைத்தால் இன்னொன்று. பிள்ளைகளிடம் எங்கே இருக்கிறது என்று சொல்லாதீர்கள், தேடட்டும். வெயில் ஏறும் முன் இரண்டு மணி நேரம் நன்றாகப் போகும்.

பகல் சுவாமிமலை. கோயிலுக்கு அல்ல, அது அப்போது சாத்தியிருக்கும், ஸ்தபதிகளின் பட்டறைகளுக்கு. சாலையிலேயே பல பட்டறைகள் இருக்கின்றன. வேலை நடக்கும்போது ஓரமாக நின்று பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் "வாங்க" என்பார்கள். மெழுகில் சிலை செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆற்றிய பிறகு மண்ணை உடைத்தால் சிலை. அச்சு உடைந்துவிடுவதால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான். அளவெடுக்க அவர்கள் எடுக்கும் பொருளைக் கவனியுங்கள்: தென்னை ஓலைக் கீற்று ஒன்று. சிலையின் உயரத்துக்கு அதை வெட்டி, மடித்து மடித்து, முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று மடிப்புகளிலேயே பிரித்துக்கொள்வார்கள். வாங்குகிற எண்ணம் இல்லையென்றால் ஆரம்பத்திலேயே பணிவாகச் சொல்லிவிடுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

சாப்பாடு, அறை, ஒரு மணி நேரத் தூக்கம். இரவு ரயிலில் வந்த உடம்புக்கு இந்தத் தூக்கம் கட்டாயம். இதைத் திட்டத்திலிருந்து வெட்டுகிறவர்களுக்கு மாலை ஆறு மணிக்குக் குடும்பச் சண்டை வரும்.

மூன்று மணிக்குக் கிளம்பி கங்கைகொண்ட சோழபுரம். ஜெயங்கொண்டம் போகும் பேருந்து, அணைக்கரை வழியாக. சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலாம் ராஜேந்திரன் கட்டியது. அப்பாவின் தஞ்சை விமானத்தைவிடக் கொஞ்சம் உயரம் குறைவு, நேராக ஏறாமல் மேலே போகப் போக உள்வாங்கி வளையும். மாலை வெயில் அதன் மேல் விழும்போது புல்தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது. வடக்கு வாசல் பக்கம் சண்டேசருக்குச் சிவன் தலையில் பூமாலை சுற்றும் சிற்பத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஞாயிறு காலை ஊருக்குள்ளேயே. மகாமகக் குளத்தை ஒரு சுற்று. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் மகாமகம் 2016-இல் நடந்தது, அடுத்தது 2028. பிறகு சாரங்கபாணி கோயில், டிகிரி காபி, மார்க்கெட்டில் ஒரு கவுளி வெற்றிலை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈரத் துணியில் சுற்றினால் சென்னை வரை வாடாமல் வரும்.

தஞ்சாவூர் எங்கே என்று கேட்பீர்கள். நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது, பேருந்து ஓயாமல் போகிறது, "இவ்வளவு தூரம் வந்துட்டு" என்று யாராவது ஒருவர் சொல்வார். வேண்டாம். பெரிய கோயில், அரண்மனை, சரசுவதி மகால் என்று அதற்குத் தனியாக ஒரு வார இறுதி தேவை. மிச்சம் வைத்துவிட்டு வந்தால்தான் இரண்டு மாதம் கழித்து மறுபடி டிக்கெட் எடுப்பீர்கள்.

படி 5: அறை

போன் செய்து கேட்க வேண்டிய ஒரே முக்கியமான கேள்வி: "செக்-அவுட் பன்னிரண்டு மணியா, இருபத்திநாலு மணி நேரமா?" நம் கோயில் ஊர்களில் இருபத்திநாலு மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜுகள் நிறைய உண்டு. சனி காலை ஐந்துக்கு நுழைந்தால் ஞாயிறு காலை ஐந்து வரை. பன்னிரண்டு மணிக் கணக்கு என்றால் அதிகாலை வருகைக்கு வெள்ளி இரவு வாடகையும் சேர்த்துக் கேட்பார்கள், அல்லது வரவேற்பறை சோபாவில் உட்கார வைப்பார்கள். நம் கும்பகோணத் திட்டத்தில் ஞாயிறு காலை பத்து மணி வரை அறை வேண்டும். எந்தக் கணக்கு லாபம் என்று போட்டுப் பார்த்து, "இன்னும் சில மணி நேரத்துக்கு எவ்வளவு" என்றும் கேட்டு வையுங்கள்.

ரயில் நிலையங்களில் உள்ள ஓய்வறையையும் பாருங்கள். உறுதியான டிக்கெட் இருந்தால் ஆன்லைனில் பதிவு செய்யலாம், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் கிடைக்கும். குளித்து உடை மாற்ற மட்டும் இடம் தேவைப்படுகிறவர்களுக்கு அது போதும். பையை நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் வைப்பதானால் பூட்டு கட்டாயம், சின்னப் பூட்டு ஒன்று எப்போதும் பையிலேயே கிடக்கட்டும்.

படி 6: வீட்டை அனுப்பிவைப்பது

பயண வழிகாட்டிகள் எழுதாமல் விடும் பகுதி இது. திங்கள் காலை நன்றாக விடியுமா என்பது வியாழக்கிழமையே முடிவாகிவிடுகிறது.

வியாழன் இரவு: திங்கட்கிழமைக்கான உடைகள், பிள்ளைகளின் யூனிஃபார்ம் இஸ்திரிக்குப் போய்விட வேண்டும். வெள்ளி மாலை இஸ்திரிக்காரரிடம் கொடுத்தால் ஞாயிறு இரவு அவர் வண்டியைத் தேடி அலைவீர்கள். கீரை, வெண்டைக்காய் மாதிரி வாடும் காய்களை வியாழன், வெள்ளியில் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். இட்லி மாவு பாத்திரத்தில் கால்வாசி இருந்தால் வெள்ளி காலை ஊத்தப்பமாகப் போகட்டும். ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனால் ஞாயிறு இரவு புளித்த வாடை கதவைத் திறந்ததும் வரவேற்கும்.

வெள்ளி கிளம்பும் முன்: சமையலறைக் குப்பையை வெளியேற்றுங்கள், ஒரு முருங்கைத் தோல்கூட மிஞ்ச வேண்டாம். தொட்டியில் பாத்திரம் கிடக்கக் கூடாது. கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். பால் பாக்கெட்டை இரண்டு நாளுக்கு நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது எதிர் வீட்டு அக்காவை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் மாற்றுச் சாவியும் அதே வீட்டில் இருப்பது வசதி. பதிலுக்கு ஊரிலிருந்து ஏதாவது வாங்கி வருவது வழக்கம், வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் போதும். மோட்டார் போட்டு மேல் தொட்டியை நிரப்பிவிட்டுப் போங்கள். ஞாயிறு இரவு குழாயைத் திறந்தால் காற்று வரும் கொடுமை வேண்டாம்.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டை வெள்ளியே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது புளிக்காய்ச்சல். குக்கரில் சோறு வைத்தால் இருபது நிமிடத்தில் புளியோதரை, அப்பளம், படுக்கை. மிஞ்சியது திங்கள் டிபன் பாக்ஸுக்குப் போகும். வரும் வழியில் வெளியே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைப்போம். ஆனால் இரண்டு நாள் ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு கேட்பது வீட்டுச் சோறுதான்.

படி 7: பை

ஒரு ஆளுக்கு ஒரு தோள் பை. இரண்டு செட் உடை, துண்டு, போர்வைக்குப் பதிலாகும் ஒரு பழைய வேட்டி, மருந்து, சார்ஜர், அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில். செருப்பு, கழற்றி மாட்டச் சுலபமானது; கோயில் ஊரில் ஒரு நாளில் எத்தனை தடவை கழற்றுவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பல் துலக்குவது முதல் மாத்திரை வரை ஒரு சின்னப் பையில் போட்டு நிரந்தரமாக அலமாரியில் வைத்திருந்தால் வெள்ளி மாலை தேட வேண்டியதில்லை.

படி 8: பெரிய பயணத்தோடு கணக்கு

பணத்தை இரண்டாகப் பிரித்து வையுங்கள். பெரிய பயணத்துக்கான சேமிப்பு மாதா மாதம் தொடர் வைப்பில் தானாகப் போகட்டும், அதைத் தொடக் கூடாது. சிறு பயணத்துக்கு மாதச் செலவிலேயே ஒரு தொகை. அந்த மாதம் போகவில்லையென்றால் அடுத்த மாதத்துக்குச் சேரும். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்தால் ஒவ்வொரு ஆட்டோக் கட்டணத்துக்கும் "இது சிங்கப்பூருக்குச் சேர்த்த காசு" என்று யாராவது முணுமுணுப்பார்கள்.

இன்னொரு பயன் ஒத்திகை. அடுத்த வருடம் அம்மாவைக் காசிக்கோ காஷ்மீருக்கோ கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால், அவரால் தொடர்ந்து எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்பது தாராசுரத்தில் தெரிந்துவிடும். புது ஷூவை நீண்ட பயணத்துக்குப் போடும் முன் செஞ்சியில் போட்டுப் பாருங்கள். இரவு ரயிலில் குழந்தை தூங்குமா, யார் எவ்வளவு நேரத்தில் பசியில் எரிச்சலாவார்கள், யாருக்கு வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் உள்ளூரிலேயே தெரிந்துகொள்வது மலிவு.

பெரிய பயணத்துக்கு முந்திய இரண்டு வார இறுதிகளிலும் பிந்திய ஒன்றிலும் எங்கும் போகாதீர்கள். முன்னால் உள்ளவை பேக்கிங்குக்கும் வங்கி வேலைக்கும் தேவைப்படும். பின்னால் உள்ளது துணி துவைக்க.

படி 9: போகாத வாரங்கள்

மூன்று நாள் விடுமுறையில் ஊர் காலியாகும்போது சென்னையைப் பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. பெரும்பாலும் பள்ளியில் டூர் போனதோடு சரி, பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கும்பகோணம் போவதற்கு முன்போ பின்போ அதன் செப்புச் சிலைக் கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் சுவாமிமலை ஓலைக் கீற்றின் மடிப்புகளை நடராசரின் உடலில் அடையாளம் காணலாம். நல்ல வெயில் நாளில் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை ஓடும் ஏ.சி. மின்ரயிலில் கடைசி வரை போய், கொளவாய் ஏரியை ஜன்னலில் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதும் ஒரு பயணம்தான். 2025 ஏப்ரலில் அது ஓடத் தொடங்கியபோது என் பெரியப்பா இதற்காகவே போய்வந்தார்.

மாதத்தில் குறைந்தது ஒரு வார இறுதி எதுவுமே வேண்டாம். எண்ணெய்க் குளியல், மதியத் தூக்கம்.

படி 10: ஞாயிறு இரவு, தூங்கும் முன்

பையை அப்படியே மூலையில் வைத்தால் அடுத்த சனிக்கிழமை வரை அங்கேயே இருக்கும். அழுக்குத் துணியை நேராக மெஷினில் போட்டு ஊறவையுங்கள், காலையில் ஓடட்டும். பல் துலக்கும் பையைத் தீர்ந்ததை நிரப்பி அலமாரியில் வையுங்கள். மாவோ பாலோ வாங்க வேண்டியிருந்தால் தெருமுனைக் கடை மூடும் முன் யாராவது ஒருவர் போய்வரட்டும். போனில் ஒரு குறிப்பைத் திறந்து, அறை எப்படி, எந்தப் பேருந்து, எங்கே சாப்பாடு நன்றாக இருந்தது, ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து நண்பர் கேட்கும்போது அப்படியே அனுப்பலாம். அப்புறம் காலண்டரில் 60 நாள் தள்ளி வரும் வெள்ளிக்கிழமையைப் பாருங்கள். முகூர்த்தம் இல்லை, பௌர்ணமி இல்லை, அரசு விடுமுறையும் ஒட்டவில்லை என்றால் காலை ஏழே முக்காலுக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள். தஞ்சாவூருக்கும் உழவன்தான்.